மீன்குட்டிக்குத் துள்ளும் தீனி

வீட்டுத் தொட்டியில் கப்பி மீன் குட்டி போட்டிருக்கிறதா? அசையாத தூளைவிட, துள்ளும் ஆர்ட்டீமியா குஞ்சுகளையே அவை ஆவலுடன் துரத்தித் தின்னும்.

ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டைகளைப் போடுங்கள். காற்று பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும். நம் ஊர் வெப்பத்தில் சுமார் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும்.

பம்பை நிறுத்தினால் ஓடுகள் மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சம் படும் பக்கம் கூடும். அவற்றை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, அலசிக் கொடுங்கள். ஓட்டை விழுங்கினால் மீன்குட்டியின் குடல் அடைபடலாம்.

தாமதிக்காதீர்கள். பிறந்த குஞ்சு தன் கருச்சத்தில்தான் வாழ்கிறது. நேரம் ஆக ஆக அது குறையும். மிஞ்சியவை நன்னீரில் சில மணி நேரத்தில் செத்து, தொட்டியைக் கெடுக்கும். ஆகவே, கொஞ்சமாகப் போடுங்கள்.

கொசுப்புழுவும் மீனுக்குப் பிடிக்கும்தான். ஆனால் அதை வாளியில் வளர்ப்பது டெங்கியை வீட்டுக்கு அழைப்பதாகும், அபராதமும் உண்டு.