நடை சாத்துவதற்குள் காஞ்சி

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குக் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். சென்னைப் பதிவெண்ணோடு ஒரு வேன் வந்து நிற்கும். பாட்டி முதல் பேத்தி வரை ஒரு குடும்பமே இறங்கி, அண்ணாந்து ராஜகோபுரத்தைப் பார்க்கும். கோபுரம் முழுவதையும் கைப்பேசிக்குள் அடக்கப் பார்த்து ஒருவர் பின்னால் நகர்ந்துகொண்டே போவார். அதற்குள் பூக்கடை அம்மா குரல் கொடுத்துவிடுவார்: "நடை சாத்திட்டாங்கம்மா. இனிமே நாலு மணிக்குத்தான்."

ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு, கிளம்பியது ஒன்பதரைக்கு. வழியில் டிபனுக்கு முக்கால் மணி நேரம். உச்சி வெயிலில் எங்கே போவதென்று தெரியாத குடும்பம் ஏதாவதொரு பட்டுக்கடையின் ஏ.சி.க்குள் போய் உட்காருகிறது. மாலையில் இரண்டு கோயில்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு, "காஞ்சிபுரம் பார்த்தாச்சு" என்று திரும்புகிறது.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். இந்தப் பக்கம்தான் ஏமாற்றுகிறது. மதுரைக்குப் போவதென்றால் டிக்கெட், தங்குமிடம், தரிசன நேரம் எல்லாம் ஒரு மாதம் முன்பே வீட்டில் பேசப்படும். காஞ்சிக்கோ, "பக்கத்துலதானே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஆனால் இந்த ஊரில் தூரத்தைவிடக் கடிகாரம்தான் முக்கியம். பெரிய கோயில்கள் பெரும்பாலும் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தப்பட்டு நான்கு மணிவாக்கில்தான் திறக்கின்றன. ஆக, ஒருநாள் பயணம் மூன்று துண்டாக வெட்டப்பட்டே கைக்கு வருகிறது: காலையில் நான்கு மணி நேரம், நடுவில் ஒரு நான்கு, மாலையில் ஒரு மூன்று. எந்தத் துண்டில் எதை வைப்பது என்று முதல்நாள் இரவே தீர்மானித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி, எதை விடுவது என்ற தீர்மானம். அது கொஞ்சம் வலிக்கும். 1639-ஐப் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தலைநகரத்திலிருந்து, ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து பார்த்தபோதே தலைநகராக இருந்த ஊருக்குப் போகிறோம். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என எல்லாம் கால் ஊன்றிய மண். 108 திவ்யதேசங்களில் 14 இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர் எதையும் பார்க்க மாட்டார். ஒரு நாளைக்கு ஐந்து இடம் போதும். அதுவே அதிகம்.

வீட்டைவிட்டு ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலை எல்லோருக்கும் தெரிந்தது. வேலை நாட்களில் அங்கே தொழிற்சாலைப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் விடியலிலேயே சாலையை நிறைத்துவிடும். தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழி வசதி. ரயிலும் உண்டு, கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு சுற்றி வருவதால் நேரம் கூடுதலாகும், வண்டிகளும் குறைவு. ஆனால் செங்கல்பட்டுக்கு அப்பால் ஏரியும் வயலுமாக விரியும் பாதையில் ஜன்னலோரம் கிடைத்தால், குழந்தைகளுக்கு அதுவே ஒரு பயணம். திரும்பும் வண்டியின் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆசை எழும். இராமானுஜர் பிறந்த ஊர், இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த நினைவகமும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. இரண்டும் பார்க்க வேண்டியவை. ஆனால் இன்றைக்கு வேண்டாம். இங்கே நிறுத்தும் ஒரு மணி நேரம், காஞ்சியின் காலைப் பங்கிலிருந்து கழிந்துபோகும்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே? பெரும்பாலான வண்டிகள் காமாட்சியம்மன் கோயிலுக்கோ ஏகாம்பரநாதர் கோயிலுக்கோ திரும்புகின்றன. நேரே மேற்குக் கோடிக்குப் போய்விடுவதே சரி. கைலாசநாதர் கோயில் அங்கேதான் இருக்கிறது. கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக முகப்பில் விழும். மணற்கல் அந்த ஒளியில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மாறும். எட்டு மணிக்கு அங்கே கூட்டமும் இருக்காது.

இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது இது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் பணிதான். பாறையைக் குடைவதிலும் செதுக்குவதிலும் தேர்ந்த பல்லவக் கைகள், கல்லை அடுக்கிப் பெரிய கோயில் எழுப்பப் பழகிய காலம் அது. அடித்தளத்துக்குக் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் செதுக்க இசைவானது, ஆனால் மழைக்கும் காற்றுக்கும் தாங்காது. அதனால்தான் பல உருவங்களின் முகம் கரைந்து நிற்கிறது. பிற்காலத்தில் பூசிய சுதைப்பூச்சு சில சிற்பங்களைத் தடிக்கவைத்துவிட்டது. அது உதிர்ந்த இடங்களில் பார்த்தால் பல்லவ உளியின் நுட்பம் தெரியும்.

திருச்சுற்று மதிலின் உட்புறம் 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்கார்ந்து தியானிக்கும் அளவு. சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது: ஒரு கண், ஒரு கிரீடத்தின் விளிம்பு, சிவப்புக் கோட்டில் ஒரு தோள். பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1931-இல் இவற்றை அடையாளம் கண்டு வெளியுலகத்துக்குச் சொன்னார். வாசலுக்கு முன்னாலுள்ள சிறு கோயில்களில் ஒன்றை எழுப்பியவள் அரசி ரங்கபதாகை. கல்வெட்டு அதைச் சொல்கிறது. கருவறையைச் சுற்றும் உள்பாதைக்குள் தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளியேற வேண்டும். அப்படி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. குழந்தைகள் மூன்று முறை போய் வருவார்கள்.

இங்கே ஒரு கதையைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். பல்லவர்களின் பரம எதிரிகள் வாதாபிச் சாளுக்கியர். இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தபோது ஊரைக் கொளுத்தியிருக்கலாம். கோயில் செல்வத்தை வாரிப்போயிருக்கலாம். அவன் இந்தக் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடக் கல்வெட்டாக இங்கேயே ஒரு தூணில் பொறித்தும் வைத்தான். அவனுடைய அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் அப்படியே இருக்கிறது. வெல்ல வந்தவன் ஒரு கட்டடத்தைப் பார்த்து மனம் இளகிய இடத்தில் நிற்கிறோம் என்பதை அறிந்து நிற்பதற்கும், அறியாமல் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. இந்த ஒரு கோயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினாலும் தகும்.

அங்கிருந்து கிழக்கே வந்தால் ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரம், நீளமான தூண் வரிசைகள், பிரகாரத்தில் தலமரமான மாமரம். பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது இது. பத்தரைக்குள் இங்கே முடித்துக்கொண்டால் பதினொன்றுக்குக் காமாட்சியம்மன். இந்த இரண்டுக்கும் நடுவில் குமரகோட்டம் இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடியதோடு சேர்த்துப் பேசப்படும் முருகன் கோயில். சிவனுக்கும் அம்மனுக்கும் நடுவே முருகன் என்று, சோமாஸ்கந்தர் சிற்பத்தில் உள்ள அமைப்பு இங்கே ஊரின் வரைபடத்திலேயே இருக்கிறது. காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி வைக்கும் வழக்கம் இல்லை. ஊருக்கே ஒரு காமாட்சி. வெள்ளிக்கிழமையானால் இங்கே வரிசை நீளும், அதற்கேற்ப ஏகாம்பரநாதரில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பன்னிரண்டு மணி. இனி நடுத்துண்டு.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. இதை வீணான நேரம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கோயில் தூங்கும் அந்த நேரத்தில் தறி தூங்குவதில்லை. நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வரும். தெரிந்தவர் மூலமாகவோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டோ, ஒரு தறியைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வது மரியாதை. அது அவர்கள் வீடு. அங்கே ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கூலி.

காஞ்சிப் பட்டின் பெருமை இரண்டு சொற்களில் இருக்கிறது: கோர்வை, பிட்னி. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, சேருமிடத்தில் இழையோடு இழை பூட்டுவது கோர்வை. மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருப்பார். முந்தானை வேறு நிறமானால் அங்கே பாவையே மாற்றியாக வேண்டும். ஆயிரக்கணக்கான பழைய இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கி இணைப்பதுதான் பிட்னி. முந்தானை தொடங்குமிடத்தில் விரலை வைத்துத் தடவினால் அந்த இணைப்பு தட்டுப்படும். ஒரு சேலைக்கு நாள் கணக்கில், வேலைப்பாடு கூடினால் வாரக் கணக்கில் உழைப்பு. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வர, கை மட்டும் காஞ்சியுடையது. அந்தக் கைக்காகத்தான் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதைப் பார்த்துவிட்டுச் சேலை வாங்கப் போகிறவர் வேறு ஆளாகத்தான் கடைக்குள் நுழைவார். சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதைத்தான் சொல்லும், கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை தனி. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்டால் நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். பலகையில் 'சொசைட்டி' என்று இருப்பதெல்லாம் கூட்டுறவுச் சங்கம் ஆகிவிடாது என்பதும், ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். முகூர்த்த மாதங்களில் கடைகளில் நிற்க இடமிருக்காது.

வாங்குவதற்கு ஒன்றுமில்லாதவர்கள் அண்ணாவின் நினைவு இல்லத்துக்குப் போகலாம். 1909-இல் இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், 1942-இல் 'திராவிட நாடு' வார இதழை இங்கிருந்துதான் தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றுத்தந்த மனிதர் வாழ்ந்த வீடு எவ்வளவு சின்னது என்று பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது நல்லது.

விட மனம் வராமல் விட வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. வேகவதி ஆற்றுக்கு அப்பால் உள்ள திருப்பருத்திக்குன்றம், பழைய ஜினகாஞ்சி. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரத் தளபதி இருகப்பர் 1387-இல் கட்டினார். விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர்களின் கதைகள் வண்ணத்தில் ஓடுகின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டிய ஓவியங்கள். அரை மணி நேரத்தில் அவசரமாகப் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் அநியாயம். சேலை வேண்டாம், தறி வேண்டாம் என்பவர்கள் மட்டும் இங்கே வரலாம். மற்றவர்கள் இதற்காகவே இன்னொரு முறை வர வேண்டும்.

நான்கு மணிக்கு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள், இருந்தும் கிடந்தும் நின்றும் பெருமாள். திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வம்சத்தின் கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசில்லாமல் அரியணை காலியானபோது, கிளை மரபிலிருந்து ஒரு சிறுவனைத் தேடிப்பிடித்து அழைத்துவந்து முடிசூட்டிய நிகழ்வும் அதில் உண்டு. அந்தச் சிறுவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். கல்லில் எழுதிய தன்வரலாறு என்றே இதைச் சொல்லலாம். இங்கே எப்போதும் கூட்டம் குறைவு என்பது வருத்தமும் ஆறுதலும்.

ஐந்து மணிக்குச் சின்னக் காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள். நூற்றுக்கால் மண்டபத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கிய சங்கிலி அதன் மூலைகளில் தொங்குகிறது. பக்கத்தில் அனந்தசரஸ் திருக்குளம். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்திவரதர் வெளியே வருவது இதன் நீரிலிருந்துதான். 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள், லட்சக்கணக்கானோர் இந்தச் சின்ன ஊரைத் திணறடித்தார்கள். இன்றைக்கு வந்திருக்கும் பேத்தி, 2059-இல் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இதே படிக்கட்டில் நிற்கக்கூடும். உள்ளே 24 படி ஏறினால் வரதர்; விதானத்தில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி.

கோடையில் போகிறவர்கள் மாலையிலும் கல்தரையின் சூட்டைக் கணக்கில் வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஒரு ஜோடி காலுறை பையில் இருப்பது உதவும். வைகாசிக் கருடசேவை நாளில் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு வரவே கூடாது. அந்த நாளில் கருடசேவைக்காக மட்டுமே வர வேண்டும்.

கிளம்புமுன் கோயில் இட்லி. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. கை நீளத்துக்கு வரும் அந்த இட்லியை வெட்டித் துண்டுகளாகத்தான் கொடுப்பார்கள். ஊரில் சில கடைகளிலும் கிடைக்கும். பகல் சாப்பாட்டின்போதே சொல்லி வைத்துவிட்டால் மாலையில் ஏமாற வேண்டியிருக்காது. சுக்கும் மிளகும் சேர்ந்திருப்பதால் சட்டென்று கெடாது. ஞாயிறு இரவு பூந்தமல்லி நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பின்சீட்டில் மந்தாரை வாசம் வீசிக்கொண்டிருக்கும். திங்கள்கிழமை காலைப் பள்ளி அவசரத்தில் அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் இட்லி ஊற்றும் வேலை இல்லை.