நீண்ட அலைக்கு நீண்ட கம்பி

நம் ஊர்ப் பெரிய வீடுகளின் முகப்பில் நின்று நோக்கினால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசல் தெரியும். பலருக்கு இது கட்டடக் கலையாகத் தோன்றும். அமெச்சூர் வானொலிப் பித்துப் பிடித்தவனுக்கோ, 'இங்கே ஒரு ஏரியல் கட்டலாமே' என்றுதான் தோன்றும்.

காரணம் எளியது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 3.6 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 83 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பி அவ்வலைக்கு ஒத்ததிர்வு கொள்ளும். முனை விளைவுக்காக 5 விழுக்காடு குறைத்து, 40 மீட்டரில் வெட்டி, நடுவில் பிரித்து மின்னோட்டத்தை ஊட்டுகிறோம்.

1.84 மெகாஹெர்ட்ஸ் என்றால் 78 மீட்டர் வேண்டும். அதற்கு இடம் கிடைப்பது அரிது. எனவே கால் அலைநீளமாகிய 41 மீட்டர் கம்பியை எடுத்து, 12 மீட்டரைச் செங்குத்தாக ஏற்றி, மீதியைக் கிடையாக மடக்குவர். மறுபாதியாக நிலம் வேலை செய்யவேண்டும். நம் வறண்ட செம்மண் இங்கேதான் காலை வாரும்! இத்தகைய கம்பியின் கதிர்வீச்சுத் தடை சுமார் 8 ஓம். நிலத்தின் இழப்புத் தடை 24 ஓம் என்று கொள்வோம். 100 வாட் ஊட்டினால் 25 வாட்தான் வானேறும்; 75 வாட் வீணாக வெப்பமாகும். கம்பியின் அடியிலிருந்து செப்புக் கம்பிகள் பலவற்றை விசிறிபோல் தரையில் பரப்பி, இழப்பை 8 ஓமுக்கு இறக்கினால் 50 வாட் வெளியேறும். கம்பத்தை உயர்த்துவதைவிட இது மலிவு.

ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பர். எப்போதும் அப்படியன்று. முன்சொன்ன 40 மீட்டர் கம்பியை 10 மீட்டர் உயரத்தில் கட்டினால், அலை பெரும்பாலும் நேர் மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, குடைபோல் கீழே விரியும். தொலைநாட்டுக்கு அது உதவாது. ஆனால் சுற்றிலும் முந்நூறு கிலோமீட்டர் வரை இடைவெளியின்றி எட்டும். இரவில் இந்த அலை; பகலில் கீழ் அடுக்கு அதனை உறிஞ்சிவிடுவதால் 7 மெகாஹெர்ட்ஸ் அலை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டைச் சீமையைச் சூறையாடியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் கைப்பேசிகள் ஊமையாயின. அத்தகைய நாளில் ஒரு கார் பேட்டரியும் இந்தத் தாழ்ந்த கம்பியும் நாகப்பட்டினத்தோடும் மதுரையோடும் பேசப் போதும்.

அரசின் அமெச்சூர் உரிமம் பெற்ற பிறகே அனுப்பவேண்டும். மின்கம்பிகளுக்கு அருகில் கட்டவே கூடாது. கட்டும்போது நாட்டு ஓடுகளை மிதிக்காதீர்கள். ஒன்று உடைந்தாலும் அடுத்த முறை ஆச்சி ஏணி தரமாட்டார்கள்.