புகை எந்தப் பக்கம் போகும்?

மரினா பே வாணவேடிக்கையை எங்கே நின்று பார்க்கலாம் என்று சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டால், இடத்தைச் சொல்லுமுன் மாதத்தைக் கேட்பேன். ஆகஸ்டா, டிசம்பரா? கேள்விக்குக் கேள்வியா என்று முறைப்பார்கள். உட்காருங்கள், தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

வாணத்தில் அடைத்த கரிமருந்து எரிந்து முழுக்க வாயுவாகிப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்குமேல் நுண்துகளாக மிஞ்சும். நாம் பார்க்கும் புகை அதுதான். முதல் ஓரிரு நிமிடம் எங்கே நின்றாலும் அழகுதான். அதற்குப் பிறகு வருகிற வாணமெல்லாம் முன்னது விட்டுப்போன புகைக்குள்தான் வெடிக்கும். காற்று அந்தப் புகையை உங்கள் பக்கம் தள்ளினால், பஞ்சு மூட்டைக்குள் விளக்கு எரிவதுபோல வெறும் வெளிச்சம்தான் தெரியும். கடைசியில் வரும் பெரிய அடுக்கு வாணங்களுக்காக மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்றவருக்கு அது பெரிய ஏமாற்றம். காற்று உங்கள் முதுகில் பட்டால் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக விரியும்.

இனி மாதக் கணக்குக்கு வருவோம். ஆகஸ்ட் 9 தேசிய தினம். அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். புகை பெரும்பாலும் ஹீலிக்ஸ் பாலம், சிங்கப்பூர் ஃபிளையர் பக்கமாக நகரும். ஆகவே அன்று மெர்லயன் பூங்கா, கிளிஃபர்ட் பியர், புரொமன்ட்ரி புல்வெளி என்று குடாவின் மேற்கு, தெற்குக் கரையைப் பிடியுங்கள். டிசம்பர் 31 இரவு எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்று புகையை அந்த மேற்குக் கரைக்கே கொண்டுவரும். அன்றைக்கு எஸ்பிளனேட் முன்னுள்ள கரையோ ஹீலிக்ஸ் பாலத்தை ஒட்டிய நடைபாதையோ மேல். வானம் அன்று வேறு மாதிரி நினைத்தால் இந்தக் கணக்கு தப்பும். அதனால் மாலையிலேயே போய், உயரத்தில் பறக்கும் ஏதாவது ஒரு கொடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் வீசும் காற்றை நம்பாதீர்கள். கோபுரங்களுக்கு நடுவே அது திசை மாறிச் சுற்றும். காற்றே இல்லாத இரவுதான் எல்லாருக்கும் கெட்ட இரவு: புகை நின்ற இடத்திலேயே நிற்கும்.

மரினா பே சேண்ட்சின் 57ஆம் மாடிக்குப் போனால் இன்னும் நன்றாக இருக்காதா என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கூரை 200 மீட்டர் உயரம். வாணக்குண்டோ, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 30 மீட்டர் ஏறும் என்பது பொதுக் கணக்கு. ஆறு அங்குலக் குண்டு 180 மீட்டரில் வெடிக்கும். அண்ணாந்து பார்க்க வேண்டியதை நேராகவும் குனிந்தும் பார்ப்பீர்கள், பின்னணியில் இருட்டு வானத்துக்குப் பதில் அலுவலகக் கட்டட விளக்குகள். தண்ணீரில் விழும் பிரதிபலிப்பு காட்சியில் பாதி. அதற்குக் கரைதான் சரி. உயரமான இடத்துக்குக் காசு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் குழந்தையோ பாட்டியோ கூட இருந்தால் மரினா அணைக்கட்டின் புல்கூரைக்குப் போங்கள். குடாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். வெளிச்சம் வந்து ஆறு விநாடி கழித்துத்தான் சத்தம் வரும், அதுவும் தணிந்து. பாய் விரிக்கலாம், கட்டுச்சோறும் கொண்டுபோகலாம். தாழ்வாகச் சீறும் வாணங்கள் மட்டும் அங்கிருந்து தெரியாது.

1972 முதல் பட்டாசுக்குத் தடை உள்ள ஊர் இது. தீபாவளிக்கும் கம்பி மத்தாப்போடு சரி. அதனால்தான் இந்த இரண்டு இரவுகளுக்கும் இவ்வளவு கூட்டம். கூட்டம் ஆகாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: தேசிய தினத்துக்கு முந்தைய சனிக்கிழமைகளில் முன்னோட்டக் காட்சிகளும், தொடக்கநிலை 5 மாணவர்களுக்கான தேசியக் கல்விக் காட்சிகளும் நடக்கும். அன்றும் வாணம் விடுவது வழக்கம். நெரிசல் குறைவு, படம் எடுப்பவர்கள் பலர் அன்றுதான் வருவார்கள்.

திரும்பும்போது பேஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தை நோக்கி எல்லாரோடும் ஓடாதீர்கள். இருந்த இடத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு நிலையம் தள்ளி நடந்துபோய் ஏறுங்கள். கையில் தண்ணீர் போத்தல் இருக்கட்டும்.