வயிற்றுப் பிள்ளையும் பூனைக் கிருமியும்



கீழக்குயில்குடிப் பக்கம் பூனை இல்லாத தெரு ஏது? நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பது அதுதானே. அந்தப் பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி இருக்கக்கூடும். மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து மனிதரிடம் வரும். 2004-05ல் கோயம்புத்தூரில் 248 பேருக்கு இந்தக் கிருமியால் கண்ணில் நோய் கண்டது. குடிநீர் வழியே வந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள்.

சாதாரண ஆளுக்கு லேசான காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, அவ்வளவுதான். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது முதன்முதலாகத் தொற்றினால் கிருமி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையை அடையலாம். மூன்றாம் மாதத்தில் தொற்றினால் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆனால் போனால் மூளையையும் கண்ணையும் கடுமையாகக் கெடுக்கும். கடைசி மாதத்தில் நூற்றுக்கு 70 பிள்ளைகளுக்குப் போகலாம். பாதிப்பு பெரும்பாலும் லேசாக இருக்கும்.

மருந்து இருக்கிறதா? இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ஸ்பைராமைசின் கொடுப்பார்கள். பிள்ளைக்கும் போய்விட்டது என்று பனிக்குட நீர்ப் பரிசோதனையில் தெரிந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின் என்ற இரண்டு மருந்துகளையும், ரத்தம் குறையாமலிருக்க ஃபோலினிக் அமிலத்தையும் தருவார்கள். இதில் ஒளிவு மறைவு வேண்டாம். ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தை மருந்து திருப்பித் தராது; மேலும் கெடாமல் தடுக்கப் பார்க்கும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007ல் கணக்குப் பார்த்தார்கள். தொற்றிய மூன்று வாரத்துக்குள் மருந்து தொடங்கிய தாய்மாரைவிட, எட்டு வாரம் கழித்துத் தொடங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் கிருமி அதிகம் போயிருந்தது. ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல என்று அவர்களே சொன்னார்கள். ஆனாலும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட இது விஷயமல்ல.

பிறந்த பிள்ளைக்குக் கிருமி உறுதியானால் ஒரு வருஷம் மருந்து. பிள்ளை கொழுகொழுவென்று சிரிக்கிறதே, மருந்து எதற்கு என்று பாட்டிமார் கேட்பார்கள். நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் சிகாகோ டாக்டர்கள் 1981 முதல் இப்படி ஒரு வருஷம் மருந்து கொடுத்து, பிள்ளைகளைப் பல வருஷம் கவனித்தார்கள். மூளையில் பெரிய கோளாறு இல்லாமல் பிறந்தவர்கள் அறிவிலும் காது கேட்பதிலும் நன்றாகவே வளர்ந்தார்கள். கடுமையாகப் பாதித்துப் பிறந்தவர்களிலும் பாதிக்கு மேல் தேறினார்கள். கண் மட்டும் பின்னாளிலும் பாதிக்கலாம். ஆகவே மருந்து முடிந்த பிறகும் கண் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து நடக்கும் காலத்தில் ரத்தப் பரிசோதனையையும் தவறவிடக்கூடாது.

இன்னொன்று. கரு கலைந்த பெண்ணுக்கு ரத்தம் பார்த்து, "டாக்சோ இருக்குது" என்று சீட்டு வந்ததும் வீட்டில் அவளைக் குறை சொல்கிறார்கள். இது தப்பு. ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்தால் எப்போதோ வந்துபோன தொற்று என்றே பெரும்பாலும் பொருள். அடுத்த பிள்ளைக்கு அதனால் பயமில்லை. புதிய தொற்றா, பழையதா என்பதை டாக்டர்தான் மறுபரிசோதனை செய்து சொல்ல வேண்டும்.

ரத்தம் ஊறும் என்று சுவரொட்டியையும் ஈரலையும் அனலில் லேசாக வாட்டிக் கர்ப்பிணிக்குக் கொடுப்பார்கள். கொடுங்கள், ஆனால் உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைத்துக் கொடுங்கள். பூனை அசிங்கம் செய்த மண்ணை அன்றன்றே அள்ளிப் புதைப்பது புருஷன் வேலை. அந்த அசிங்கம் ஒரு நாள் கிடந்தாலே தொற்றும் பக்குவத்துக்கு வர ஆரம்பித்துவிடும். பூனையை அடித்து விரட்ட வேண்டியதில்லை.

கர்ப்பமாக இருக்கையில் நெறிகட்டிக் காய்ச்சல் வந்தால் அந்த வாரமே நர்சம்மாவிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்.