ஊர் திரும்ப உதவும் தாள்கள்: அயல்நாடு செல்லும் தொழிலாளர் முன்கூட்டியே திரட்ட வேண்டிய அடையாளச் சான்றுகள்

உரிய அனுமதியின்றித் தங்கியிருக்கும் அயல்நாட்டவர் ஒருவரை வெளியேற்ற ஒரு நாடு முடிவு செய்துவிட்டாலும், அவரிடம் கடவுச்சீட்டு இல்லையெனில், அவர் தன் குடிமகன்தான் என்று தாய்நாடு உறுதிசெய்து பயண ஆவணம் ஒன்றை வழங்காத வரை அந்த முடிவு நிறைவேறாது. நாடுகடத்தல் எனப்படும் இந்த நடவடிக்கையில், தண்டனைக் காலம் முடிந்து அபராதமும் கட்டப்பட்ட பின்னரும் ஒருவர் தடுப்பு முகாமிலேயே நாள்களைக் கழிக்க நேர்வதுண்டு. அந்த ஒற்றைத் தாள் கைக்கு வந்து சேராததே அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமானூர் ஒன்றியம் உள்ளிட்ட அரியலூர், பெரம்பலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் கட்டடவேலை, வீட்டுவேலை, ஓட்டுநர் பணி ஆகியவற்றுக்குச் செல்வோர் இதை அறிந்திருப்பது இன்றியமையாதது. ஏனெனில், அந்தத் தாளை வழங்குவது அயல்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் என்றாலும், அதற்கு ஆதாரமான சான்றுகள் இருப்பது உள்ளூரின் பிறப்புப் பதிவேட்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் குடும்ப அட்டையிலும்தான்.

ஆவணம் இழப்பது எப்படி?

ஆவணமின்றிப் பிடிபடுவோரில் பலர் முறையான கடவுச்சீட்டோடும் விசாவோடும் விமானம் ஏறியவர்களே. வளைகுடா நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாக நிலவிவரும் ‘கஃபாலா’ என்னும் பொறுப்பேற்பு முறையில், தொழிலாளியின் தங்கும் உரிமை அவரை வரவழைத்த முதலாளியோடு, அதாவது ‘கஃபீலோடு’ பிணைக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர் ‘அக்காமா’ என்று அழைக்கும் தங்கும் அனுமதி அட்டையை முதலாளி புதுப்பிக்கத் தவறினாலோ, சம்பளம் கிடைக்காமல் வேலையை விட்டு வெளியேறியவரை ‘தப்பியோடியவர்’ என்று அவர் புகார் செய்தாலோ, தொழிலாளி சட்டவிரோதக் குடியிருப்பாளர் ஆகிவிட நேர்கிறது. கடவுச்சீட்டைத் தொழிலாளியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வதை வளைகுடா நாடுகளின் விதிகள் தடைசெய்துள்ளன. 1967-ஆம் ஆண்டின் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டமும் கடவுச்சீட்டு எப்போதும் இந்திய அரசின் உடைமையே என்று கூறுகிறது. ஆயினும் அதை முதலாளி பூட்டி வைக்கும் வழக்கம் முற்றாக மறையவில்லை.

விசிட் விசாவில் சென்று வேலையில் அமர்வோரின் நிலை இன்னும் பலவீனமானது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்ற குறிப்பு இடம்பெறுகிறது. அத்தகையோர் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கான ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தொழிலாளியின் பெயர், முதலாளியின் முகவரி, ஒப்பந்த விவரம் ஆகியவை பதிவாவதால், கடவுச்சீட்டு தொலைந்தாலும் இன்னார் இன்ன வேலைக்குச் சென்றார் என்பதற்கு அரசுப் பதிவு ஒன்று மிஞ்சுகிறது. ஏஜெண்டின் சொல்லை நம்பிச் சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்கு அந்தப் பதிவு இருப்பதில்லை.

‘அவுட்பாஸ்’ என்பது என்ன?

கடவுச்சீட்டு இல்லாத இந்தியர் தாயகம் திரும்புவதற்காகத் தூதரகம் வழங்கும் ஆவணத்தின் பெயர் அவசரச் சான்றிதழ். தொழிலாளர் வழக்கில் இதுவே ‘அவுட்பாஸ்’. கடவுச்சீட்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடவுச்சீட்டு வகைகளோடு, இந்தியாவுக்குள் நுழைய அனுமதிக்கும் இந்தச் சான்றிதழையும் பயண ஆவணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இது ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும். இதைக் கொண்டு வேறு நாட்டுக்குச் செல்லவோ, இருக்கும் நாட்டிலேயே தங்கி வேலை தேடவோ இயலாது. இது கிடைத்துவிட்டாலே வெளியேறிவிடலாம் என்பதும் இல்லை. நிலுவையில் உள்ள வழக்கு, கடன், முதலாளியின் புகார் ஆகியவை தீர்ந்து அந்நாட்டின் குடிநுழைவுத் துறை வெளியேற்ற அனுமதி தந்த பின்னரே விமானம் ஏற முடியும்.

குடியுரிமைச் சரிபார்ப்பு

அவசரச் சான்றிதழ் வழங்கும் முன் விண்ணப்பதாரர் இந்தியர்தாம் என்பதைத் தூதரகம் உறுதிசெய்தாக வேண்டும். காலதாமதத்தின் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது. கடவுச்சீட்டின் நகலோ, குறைந்தபட்சம் அதன் எண்ணோ கிடைத்தால், கணினிமயமான பதிவுகளில் பெயரையும் ஒளிப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால் வேலை எளிதாகிறது. எண் தெரியாமல், ஆதார், வாக்காளர் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றின் நகல்கள் மட்டும் இருந்தால் கூடுதல் விசாரணை தேவைப்படலாம். எதுவுமே இல்லாதபோது, அவர் சொல்லும் பெயரும் தந்தை பெயரும் முகவரியும் இந்திய அரசின் வழியாக மாநில அரசுக்கும், அங்கிருந்து மாவட்டக் காவல்துறைக்கும், இறுதியில் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் வருகின்றன. காவலர் ஊருக்குச் சென்று உறவினரையும் கிராம நிர்வாக அலுவலரையும் விசாரித்து அனுப்பும் அறிக்கை அதே பாதையில் திரும்பிச் சென்று தூதரகத்தை அடைய வேண்டும். அந்த அறிக்கை வந்து சேரும் வரை தொழிலாளி காவலிலேயே இருக்க நேரும்.

ஆதார் எண் அடையாளத்தைக் காட்டுமே தவிர, அதுமட்டும் குடியுரிமைக்கான சான்றாகாது என்பதை 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தெளிவுபடுத்துகிறது. எனவே, ஓர் அட்டையை மட்டும் நம்பாமல், ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் பல ஆவணங்களைத் திரட்டி வைப்பதே பாதுகாப்பு.

ஒரே ஊர், மூன்று மாவட்டங்கள்

திருமானூர் வட்டாரத்தினர் தனிக் கவனம் செலுத்த வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. இப்பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது; அவ்வாண்டில் பெரம்பலூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது; 2001 ஜனவரியில் அமைந்த அரியலூர் மாவட்டம் 2002 மார்ச்சில் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் தனி மாவட்டமானது. ஆகவே, 1980-களில் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றில் திருச்சிராப்பள்ளி என்றும், பள்ளிச் சான்றில் பெரம்பலூர் என்றும், ஆதாரில் அரியலூர் என்றும் இருப்பது முற்றிலும் இயல்பு. உள்ளூரில் எவரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு ஐயத்தைத் தரக்கூடும்; பழைய மாவட்டத்தின் பெயரோடு அனுப்பப்படும் விசாரணைக் கடிதம் வேறு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேரவும் கூடும். முகவரி எழுதும் இடங்களில் கிராமம், அஞ்சல், வட்டம், அஞ்சல் குறியீட்டு எண், காவல் நிலையம் ஆகியவற்றை முழுமையாக எழுதி, மாவட்டத்தின் முந்தைய பெயரையும் குறிப்பிடுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

பெயரும் இதே அளவு கவனத்துக்குரியது. தமிழர் பெயருக்கு முன் இடும் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் எழுத்தாகவும், மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயராகவும், வேறொன்றில் குடும்பப் பெயராகவும் மாறிவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்டு விசிட் விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, கடவுச்சீட்டில் பெயரின் ஒரு பகுதியை வெறுமையாக விட்டவர்கள் இதன் விளைவை நேரில் கண்டார்கள். தலைப்பெழுத்தை விரித்து, எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் பெயரை அமைத்துக்கொள்வது புறப்படும் முன்பே முடிக்க வேண்டிய பணியாகும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் அதையும் இப்போதே பெறலாம். பிறப்பு பதிவாகாமல் ஓராண்டு கடந்துவிட்டிருந்தால், 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் ஆணை பெற்றே பதிவு செய்ய இயலும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு பெறப் பிறப்புச் சான்றிதழே ஏற்கத்தக்க பிறந்ததேதிச் சான்று. அயல்நாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யாவிட்டால் குழந்தையின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும் என்பதால், சட்டவிரோதமாகத் தங்கியிருக்கும் பெற்றோரும் அச்சத்தால் இப்பதிவைத் தள்ளிப்போடக் கூடாது.

பொதுமன்னிப்பின் குறுகிய வாசல்

பொதுமன்னிப்பு என்பது, ஆவணமின்றித் தங்கியிருப்போர் தண்டனையின்றியோ குறைந்த அபராதத்துடனோ வெளியேற அந்நாட்டரசு குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் சலுகை. குவைத் 2020 ஏப்ரலில் அறிவித்த பொதுமன்னிப்பில் இந்தியருக்கென ஏப்ரல் 16 முதல் 20 வரை ஐந்து நாள்கள்தாம் ஒதுக்கப்பட்டன. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய சலுகைக் காலம் டிசம்பர் 31 வரை நீண்டது; அக்காலத்தில் வெளியேறியவர்கள்மீது மறுநுழைவுத் தடை விதிக்கப்படவில்லை. மலேசியா 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை நடத்திய திட்டத்தில் 300 முதல் 500 ரிங்கிட் வரையிலான தண்டத்தொகையுடன் நாடு திரும்ப முடிந்தது. ஆனால் செல்லத்தக்க பயண ஆவணமும் விமானச் சீட்டும் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடவுச்சீட்டின் நகல் வைத்திருப்பவர் இத்தகைய காலத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார். ஊரிலிருந்து விசாரணை அறிக்கை வர வேண்டியவருக்கு அதற்குள் வாசல் மூடிவிடலாம்.

வீட்டில் இருக்க வேண்டிய கோப்பு

புறப்படும் முன் ஒவ்வொரு தொழிலாளியும் இரண்டு கோப்புகளைத் தயாரித்து, ஒன்றைக் குடும்பத்திடம் விட்டு, மற்றொன்றைக் கடவுச்சீட்டோடு சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, வேலை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வட்டாட்சியர் வழங்கும் இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களும், சில ஒளிப்படங்களும், முதலாளியின் பெயர், முகவரி, ஏஜெண்டின் உரிம எண் ஆகியவையும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். அயல்நாடு சேர்ந்த பின் கிடைக்கும் அக்காமா அல்லது பெர்மிட்டின் படத்தையும் உடனே வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இவற்றை டிஜிலாக்கரிலும் மின்னஞ்சலிலும் சேமித்தால், கைபேசி பறிபோனாலும் மீட்டெடுக்கலாம்.

பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்கக் கோரும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு அளிக்கிறது. ஊரிலுள்ள குடும்பத்தினர் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தையும், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தையும் அணுகலாம். பணமின்றித் தவிப்போரின் விமானச் சீட்டு உள்ளிட்ட செலவுகளுக்கு, 2009-இல் உருவான இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து தூதரகங்கள் உதவ முடியும். எங்கு மனு கொடுத்தாலும் முதலில் கேட்கப்படுவது கடவுச்சீட்டின் எண்ணாகவே இருக்கும்.

திரும்பிய பின்

வேறு பெயரையோ பிறந்ததேதியையோ சொன்னால் விரைவில் அனுப்பிவிடுவார்கள் என்ற ஏஜெண்டுகளின் அறிவுரையை ஏற்பது பெருந்தவறு. பொய்த் தகவல் தந்து கடவுச்சீட்டோ பயண ஆவணமோ பெறுவோருக்குக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறையும் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. புதிய கடவுச்சீட்டுக்கான விண்ணப்பம், விண்ணப்பதாரர் எப்போதேனும் அவசரச் சான்றிதழில் திரும்பினாரா, நாடுகடத்தப்பட்டாரா என்றே நேரடியாகக் கேட்கிறது. ஆகவே அவசரச் சான்றிதழின் நகலை விமானம் ஏறும் முன்பே எடுத்துவைத்து, திருச்சிராப்பள்ளி மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது உண்மையைத் தெரிவிப்பதே மறுபடியும் முறையாகப் பயணம் செய்வதற்கான வழி.

தாய்நாடு திரும்புவது ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. அந்த உரிமை நடைமுறையில் ஒரு நகலையும் ஒரு பதிவேட்டு எண்ணையும் நம்பியே நிற்பதால், அயல்நாட்டில் உறவினர் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவருடைய கடவுச்சீட்டின் நகல் வீட்டில் இருக்கிறதா என்பதை இன்றே பார்த்து, இல்லையெனில் அதை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.