ரோதையைக் கழற்றலாம், கணினியை?

ஊவா மலைத்தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்று பெயர். வாடிய கொழுந்தை உருட்டி முறுக்கும் இயந்திரத்துக்கு ரோதை என்று பெயர். அந்த இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனி என்றொரு தெய்வத்தையே மலையக மக்கள் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை போன்றவை தலைமுறைகளைத் தாண்டியதற்குத் தெய்வத்தோடு இன்னொரு துணையும் உண்டு. ரோதையின் மறையாணிகள் கண்ணுக்குத் தெரியும். தேய்ந்த பாகத்தைக் கழற்றலாம், பட்டறையில் கடைந்து புதிதாகப் போடலாம்; செய்த கம்பனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே மலையில் லயன் வீட்டுக்குள் நுழையும் மடிக்கணினிக்கும் இந்தக் குணம் வாய்க்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் பெறுமதி அது இலவசம் என்பதைவிட, கழற்றி மாட்ட இடம் தருகிறது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஏறக்குறைய 2017க்குப் பின் வந்த செயலிகளையும் கேட்கிறது. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும் கணினி ஒன்று, மென்பொருள் நிறுவனத்தின் முடிவினால் கிழவியாகிவிடுகிறது. புதிது வாங்கலாமே என்றால், 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிப் பொருளின் விலை நாட்கூலியில் ஓடும் வீட்டுக்கு எட்டாத உயரம் போனது. ஆனால் பழையதை ஒதுக்க வேண்டியதில்லை: எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூட்டி போன்ற எளிய திரைமுகப்புகள் கொண்ட லினக்ஸ் பதிப்புகள் 2 ஜிபி நினைவகத்திலேயே நகரும். இணைய உலாவியில் பல பக்கங்களைத் திறக்க 4 ஜிபி இருந்தால் நல்லது. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பூட்டினால் பழைய கணினியின் நடையே மாறிவிடும்.

காசு மிச்சமாவது பாதிக் கதைதான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸின் கரு (இயங்குதளத்தின் மைய நிரல்), மென்பொருளைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வளர்ந்தது. அதன்மேல் சாளரங்களை நிர்வகிக்கும் நிரல், பட்டியல் பட்டை, கோப்பு உலாவி என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பாகங்கள். ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எழுத்துருவின் அளவு முதல் குறுக்குவிசை வரை பல அமைப்புகள் பயனரின் கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கிடக்கின்றன. தமிழ்த் தட்டச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தர நியமத்தில் 2008இல் இடம்பெற்ற ரங்கநாதன் விசைப்பலகை, லினக்ஸில் எவரும் திறந்து வாசிக்கக்கூடிய ஓர் எழுத்துக் கோப்பு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அதில் வரிவரியாக இருக்கும். ஒரு வரியை மாற்றி, விளைவைப் பார்த்து, பிழைத்தால் பழையபடி வைக்கும் மாணவி, தன்னை அறியாமலே விஞ்ஞான முறையைப் பழகுகிறாள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் விளைவு, அதன் குறிப்பு.

இதெல்லாம் நேரத்தைத் தின்னும் விளையாட்டு, வேலை தருபவர்கள் விண்டோஸைத்தானே கேட்கிறார்கள் என்று சொல்வோருண்டு. அதில் நியாயமில்லாமல் இல்லை. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய ஆவணம் அந்த எழுத்துருவை நிறுவும்வரை லினக்ஸில் கிறுக்கலாகத் தெரியும். வேர்ட் கோப்பின் அட்டவணை லிப்ரே ஒஃபிசில் கோணலாகலாம். சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஆனால் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைக்கலாம். சோதனைக்கென்று தனிப் பயனர் கணக்குத் திறந்தால், அங்கே திரைமுகப்பைக் குழப்பினாலும் மற்றக் கணக்கு அப்படியே இருக்கும். சிக்னல் மெலிந்த மலைச்சரிவில் டேட்டா ஏது என்ற கேள்விக்கும் விடை உண்டு. பதுளை நகரில் ஒருவர் ஒருமுறை இறக்கிய கோப்பைப் பசறைக்கும் நமுனுகுலைக்கும் கைமாற்றிக் கொடுப்பது இங்கே களவல்ல, உரிமம் தரும் உரிமை.

வேலைவாய்ப்பு வாதமும் முழுதாக நிற்கவில்லை. உலகின் முதல் 500 மீகணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அன்ட்ரொயிட் கைபேசிக்குள் இருப்பதும் அதே கரு. 2004 சுனாமிக்குப் பின் இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய சஹானா என்ற திறந்த மென்பொருள், அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் கைகொடுத்தது. திறந்த மூலத்தில் இந்நாட்டுக்கு ஒரு மரபு இருக்கிறது. அது கொழும்பு, மொறட்டுவையோடு நின்றுவிட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள பைத்தன் மொழி, பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் நிறுவும்போதே கூட வருகிறது. தோட்டப் பாடசாலைகளின் கணினி அறைகளில் ‘தொடாதே’ என்ற எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. ஒதுக்கிப் போட்ட ஒரு கணினியை அங்கே ஒரு மூலையில் வைத்து, பிள்ளைகள் கெடுத்துத் திருத்துவதற்கென்றே விட்டுவிட்டால் போதும். ரோதையைப் பழுதுபார்க்கும் கைகளும் அப்படிக் கழற்றி மாட்டித்தான் தொழில் பழகின.