ஆடிக் காற்றைச் சேமித்தல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டு வழக்கு. அக்காற்று இராதாபுரம், கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றி மிகுந்த மின்சாரத்தை அளிக்கிறது. ஆனால் பிசானப் பயிர் வயலில் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று தளர்ந்துவிடுகிறது. 1944-ஆம் ஆண்டில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், தேக்கிய நீரே தேக்கிய மின்சாரம் என்பதைத் தாமிரபரணிக் கரையில் வாழும் நாம் அறிவோம். காற்றுக்கு அத்தகைய அணை உண்டா?

வேதியியலார் ஒரு வழி கூறுகின்றனர். நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரியும். ஹைட்ரஜனைச் சேமித்து வைத்து, வேண்டும்போது எரிபொருள் மின்கலத்தில் செலுத்தினால் மீண்டும் மின்சாரம் கிடைக்கும். அங்கு எஞ்சுவது நீரே, புகை எழுவதில்லை.

எனினும் இழப்பு பெரிது. நீரைப் பிரிக்கக் கணக்கின்படி 1.23 வோல்ட் போதும்; நடைமுறையில் 1.8 வோல்ட் அளவும் தேவைப்படுகிறது. மிகையானது வெப்பமாக வீணாகிறது. மீண்டும் மின்சாரமாக்கும்போதும் இழப்பு நேர்வதால், மூன்று பங்கு செலுத்தினால் ஏறத்தாழ ஒரு பங்கே திரும்பி வருகிறது. ஆகையால் ஓரிரவுச் சேமிப்புக்கு மின்கல அடுக்கே சிறந்தது. பல மாதச் சேமிப்புக்கே ஹைட்ரஜன் ஏற்றது.

இவ்விழப்பைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. மலையுச்சியில் ஏறி இறங்காமல் செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கே செல்கிறோம் அல்லவா? அதுபோல வினையூக்கி, வேதிவினைக்குத் தாழ்ந்த வழியொன்றைத் திறந்துவிடுகிறது. தான் அவ்வினையில் செலவாவதில்லை. இரிடியமும் பிளாட்டினமும் இதற்குச் சிறந்தவை. ஆயினும் அரியவை, விலை மிக்கவை. காரம் கலந்த நீரிலோ நிக்கல், இரும்பு போன்ற எளிய உலோகங்களே இப்பணியைச் செய்யும். அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் எழுந்து 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. குறைந்த விலை, நெடுநாள் உழைப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே பெறுவதே ஆய்வாளரின் நோக்கம்.

2025 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் முன்னோடி நிலையம் தொடங்கப்பெற்றது. இத்தொழில் பெருகுமாயின், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நீர் எங்கிருந்து வரும்? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும்; சுத்திகரிப்பையும் சேர்த்தால் தேவை இன்னும் மிகும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தின் பாசனத்தில் வயல் வைத்திருப்போருக்கு ஒவ்வொரு மடை நீரும் அருமையானது. கடல்நீரைக் குடிநீர்போல் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துதல் இன்றே இயலும். கடல்நீரை நேரே பிரித்தால் அதிலுள்ள உப்பு குளோரினை எழுப்பி உலோகத்தை அரிக்கிறது. அதனைத் தாங்கும் வினையூக்கியைப் பல நாட்டு ஆய்வாளரும் தேடி வருகின்றனர்.

காற்று நம்முடையது, கடலும் அண்மையில் உள்ளது. ஆற்று நீரைக் கழனிக்கும் குடிநீருக்கும் விட்டுவைத்து, ஆடிக் காற்றைச் சேமிக்கும் வழியே நமக்கு ஏற்ற வழியாகும்.